எட்டு மணி நேரம் தொடாதே

ஒரு மனிதரின் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டியதால் அவர் அடுத்த பிறவியில் நாயாகப் பிறக்கப் போகிறார் என்றும், அதற்கு முழுப் பொறுப்பு நான்தான் என்றும் ஒரு காலைப்பொழுது முழுக்க நம்பிக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. பி.ஏ. பாஸ். சட்டைப் பையில் ரீடிங் கிளாஸ் உண்டு. இத்தனை தகுதிகளோடும்தான் நம்பினேன்.

பெங்களூர் விவேக் நகரில் இறுதிச் சடங்கு ஏற்பாடு செய்து கொடுக்கும் கடை ஒன்றில் சூப்பர்வைசராக இருக்கிறேன். பெட்டி, ஃப்ரீசர் பாக்ஸ், வேன், பூ, சாமியானா, நாற்காலி எல்லாம் எங்கள் பொறுப்பு. எங்கள் வாடிக்கையாளர் யாரும் இதுவரை எழுந்து உட்கார்ந்து குறை சொன்னதில்லை. அந்த வேலையை அவர்களுடைய மச்சான்கள் செய்துவிடுவார்கள். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது, “சார், பேய் பயம் வராதா?” என்பதுதான். வராது. எனக்கு வந்த பயமெல்லாம் செல்போனிலிருந்து வந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. கேள்வி கேட்காத தொழில்

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் முதலாளி ஃபிரான்சிஸ் சார் ஒரே ஒரு பாடம்தான் சொன்னார். “துக்க வீட்ல கேள்வி கேக்காத லூர்து. செருப்பைக் கழட்டு, கும்பிடு, வேலையப் பாரு. நீ போயி இது எப்படி, அது எப்படின்னு கேட்டுட்டு நின்னா, வேல தெரியாதவன கூட்டிட்டு வந்துட்டோமேன்னு அவங்க அதுக்கு வேற அழுவாங்க.”

நல்ல பாடம். ரொம்ப வருடம் அது என்னைக் காப்பாற்றியது. எங்களைக் கூப்பிடுகிறவர்களில் பாதிக்கு மேல் கண்டோன்மென்ட் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள். ஆர்.சி. வீடு என்றால் கையில் ஜெபமாலை சுற்ற வேண்டும். சி.எஸ்.ஐ. வீட்டில் வெறும் சிலுவை போதும். பெந்தெகொஸ்தே வீட்டில் மெழுகுவர்த்தியை வெளியே எடுக்கவே கூடாது. வாசல் நிலைக்கு மேலே மாட்டியிருக்கும் படத்தைப் பார்த்தே நான் பெட்டிக்கு ஆர்டர் சொல்லிவிடுவேன். இந்து வீடுகளில் நான் வாயைத் திறக்கவே வேண்டாம். சித்தப்பாக்கள் நான்கு பேர் நான்கு விதமாக உத்தரவு போடுவார்கள். அதில் சத்தம் அதிகமானவர் சொன்னதைச் செய்தால் போதும்.

பிறகு கடைக்கு வெப்சைட் வந்தது. அதற்கு வாசகம் எழுதும் பொறுப்பு பி.ஏ. படித்தவனான எனக்கு. “அனைத்து மதத்தினருக்கும், அவரவர் முறைப்படி, நீண்ட அனுபவத்துடன்” என்று எழுதினேன். ‘அனைத்து’ என்ற சொல் பார்க்க லட்சணமாக இருந்தது. மேலே ஒரு படம்: மழையில் கறுப்புக் கோட்டும் கறுப்புக் குடையுமாக வெள்ளைக்காரர்கள் தலைகுனிந்து நிற்கிறார்கள். அப்படி ஓர் அடக்கத்தை நான் விவேக் நகரில் இன்றுவரை பார்த்ததில்லை. ஆனால் படம் கம்பீரமாக இருந்தது.

2. பொம்மனஹள்ளி வீடு

ஒரு ஏப்ரல் மாதம் காலை, காபி குடிக்கும் முன்பே போன் வந்தது. பெயர் மாலதி என்றார். பொம்மனஹள்ளியில் வீடு, கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில் குவாலிட்டி செக்கிங் வேலை. அப்பா முனிரத்தினம் விடியற்காலையில் போய்விட்டார். கோலார் தங்க வயலில் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், சுரங்கம் மூடியதும் குடும்பத்தோடு பெங்களூருக்கு வந்தவர். தங்க வயலிலேயே அவருடைய அப்பா பக்கத்தில் அடக்கம் செய்ய வேண்டும். தம்பி ஏற்கெனவே அங்கே போய்க் குழி வெட்ட ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறான். பொழுது சாய்வதற்குள் அடக்கம் முடிய வேண்டுமென்றால் மதியத்துக்குள் இங்கிருந்து கிளம்பியாக வேண்டும்.

“நாங்க புத்திஸ்ட் சார். எங்க தாத்தா காலத்துலருந்து. உங்க வெப்சைட்ல எல்லா மதமும்னு போட்டிருந்தது. எங்க முறை உங்களுக்குத் தெரியும்தானே?”

“நிறைய செஞ்சிருக்கோம்மா” என்றேன்.

ஒன்றுகூடச் செய்ததில்லை. என் வாழ்நாளில் நான் நெருக்கமாகப் பார்த்த ஒரே புத்தர், எங்கள் தெரு சலூன் கண்ணாடிக்கு முன்னால் சாம்பிராணி புகைக்குள் உட்கார்ந்திருப்பவர்தான்.

வேன் டிரைவர் நசீரோடு போய் இறங்கினேன். சின்ன வீடு, மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. சுவரில் புத்தர் படம், பக்கத்தில் அம்பேத்கர் படம். நடு அறையில் கட்டிலில் முனிரத்தினம். பழக்கதோஷத்தில் என் கை தானாக வேலை செய்தது. தாடையைக் கட்டினேன். கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டினேன். அடுத்தது என்ன என்று நினைத்தபோதுதான் எனக்கு ஒன்றுமே தெரியாது என்பது நினைவுக்கு வந்தது. ஃப்ரீசர் பாக்ஸை இறக்குவதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்து, வேனுக்குப் பின்னால் மறைந்து நின்று போனைத் திறந்தேன்.

முதலில் வந்த பக்கம் பிரமாதமாக இருந்தது. தாமரைப் பூ. காவி உடையில் கண் மூடிய துறவி. அழகான ஆங்கிலம். அதில் எழுதியிருந்ததன் சாரம் இதுதான்: பௌத்தர் இறந்தால் எட்டு மணி நேரம் உடலைத் தொடவே கூடாது. உயிர் உணர்வு மெதுவாகத்தான் வெளியேறும். பக்கத்தில் அழக்கூடாது. குளிர்ச்சி படக்கூடாது, ஆயிரம் ஊசி குத்துவது போல அவர்களுக்கு வலிக்கும். முக்கியமாகக் கால் பக்கம் தொடவே கூடாது. தொட்டால் உணர்வு கீழ்வழியாக இறங்கிப்போய், அடுத்த பிறவி விலங்குப் பிறவி ஆகிவிடும்.

நான் கட்டியது கால் விரலை.

ஏப்ரல் வெயிலில் எனக்குக் குளிர்ந்தது. ஓடிப்போய் அவிழ்த்துவிடலாமா என்று நினைத்தேன். அவிழ்ப்பதும் தொடுவதுதானே? ஒருமுறை தொட்டதற்கு நாய் என்றால் இரண்டுமுறை தொட்டதற்கு என்ன? நான் தொட்ட நேரத்திலிருந்து எட்டு மணி நேரம் மறுபடி முதலிலிருந்து ஓடுமா? ஆட்டோ மீட்டரை ஃபிளாக் தட்டி மறுபடி ஓட்டுவது போல? குழந்தை இயேசுவே, இந்த மனிதரைக் காப்பாற்று என்று வேண்டினேன். முனிரத்தினம் நம்ம பங்குக்காரர் இல்லையே என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது. கேஸ் வேறு ஸ்டேஷன்.

உள்ளே போனேன். முனிரத்தினத்தின் மனைவி காவேரியம்மா கையில் வெந்நீர்ப் பாத்திரத்தோடு கட்டிலை நோக்கி வந்துகொண்டிருந்தார். தோளில் துண்டு. பாத்திரத்துக்குள் ஷேவிங் பிரஷ். பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகப் படுக்கையில் கிடந்தவருக்குத் தினமும் காலையில் முகம் துடைத்து, ஷேவ் செய்து, பவுடர் போட்டுவிடுவது அவர்தானாம். அன்றைக்கும் விடிந்ததும் தண்ணீரை அடுப்பில் வைத்திருக்கிறார்.

நான் குறுக்கே போய் நின்றேன். “தொடக்கூடாதும்மா.”

“முகம் மட்டும் தொடச்சி விடறேன் சார்.”

“எட்டு மணி நேரம் யாரும் தொடக்கூடாதும்மா. அவருக்கு வலிக்கும். பக்கத்துல அழவும் கூடாது.”

நீண்ட அனுபவம் உள்ளவன் சொல்கிறேன். காவேரியம்மா பாத்திரத்தைத் தரையில் வைத்தார். கட்டிலிலிருந்து தள்ளி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். அழவும் கூடாது என்று நான் சொல்லியிருந்ததால் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். மாலதி என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், தம்பிக்குப் போன் போட்டு, வர லேட் ஆகும் என்றார். நான் பெரிய காரியம் செய்தவனைப் போல வெளியே வந்தேன்.

3. வேனுக்குப் பின்னால்

நேரம் போனது. ஃப்ரீசர் பாக்ஸ் வேனிலேயே கிடந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை சூடேற ஆரம்பித்தது. எதிர் வீட்டுக்காரர் வெளியே வந்து, வானத்தைக் காட்டி, “பேக மாடி சுவாமி, பிசிலு ஜாஸ்தி” என்று கன்னடத்தில், வெயில் அதிகம், சீக்கிரம் முடியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாதா? வெயிலில் உடல் காத்திருக்காது என்பது இந்தத் தொழிலில் முதல் வாரம் கற்றுக்கொள்வது. ஆனால் அந்த ஆயிரம் ஊசி?

சரி, எட்டு மணி நேரத்தைக் கொஞ்சம் குறைத்துச் சொல்கிற பக்கம் ஏதாவது இருக்குமா என்று தேடினேன். சலுகை கேட்டுப் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது பக்கம் மூன்று நாள் என்றது. மூன்றாவது பக்கம், கூடிய சீக்கிரம் எரித்துவிட வேண்டும், தாமதித்தால் உயிர் வீட்டையே சுற்றும் என்றது. நான்காவது பக்கத்தில் ஒரு வீடியோ. அதில் பேசியவர் பௌத்தர்கள் இறப்பதே இல்லை என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் கேட்க எனக்குத் தெம்பில்லை.

நசீர் வேன் சீட்டில் சாய்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். “க்யா அண்ணா, உள்ள இருக்கறவங்கள அழ வேணாம்னு சொல்லிட்டு நீ வெளிய நின்னு அழற?”

விஷயத்தைச் சொன்னேன். நாய்ப் பிறவி வரைக்கும் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது பரவாயில்லை. போனை வாங்கி மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான்.

“போன மாசம் எங்க ஆளுங்க மய்யத்து அடக்கம் பத்தி யூடியூப்ல பார்த்துட்டு வந்து என்னமோ கேட்டியே, நான் என்ன சொன்னேன்?”

“யாரோ உளறியிருக்கான், எங்க தெருவுல அப்படிக் கிடையாதுன்னே.”

“உடனே ஒத்துக்கிட்டியா இல்லையா?”

“ஒத்துக்கிட்டேன்.”

“அப்ப நான் பக்கத்துல இருந்தேன். இங்க யாரு பக்கத்துல இருக்காங்க? உள்ள போயி கேளு.”

கேட்கக்கூடாது என்பது முதலாளி பாடம், அதோடு நிறைய செஞ்சிருக்கோம் என்று வேறு சொல்லித் தொலைத்திருக்கிறேன் என்றேன். நசீர், “அப்போ நின்னுட்டு இரு” என்று சொல்லி வாட்டர் பாட்டிலைத் திறந்தான்.

அப்போதுதான் எனக்கு ஒரு குறும்பு தோன்றியது. பயத்திலும் குறும்பு வருவது என் உடம்புவாகு. அந்தத் தாமரைப் பூ வெப்சைட்டிலேயே மற்ற மதங்களுக்கும் பக்கம் இருந்தது. பௌத்தம் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததைப் பற்றி இந்த ஆள் என்ன எழுதியிருக்கிறான் பார்ப்போம் என்று கத்தோலிக்கர் பக்கத்தைத் திறந்தேன். அதே அழகான ஆங்கிலம். அதே உறுதி. கத்தோலிக்கர் வீட்டில் மரணம் நேர்ந்ததும் கடிகாரங்களை நிறுத்திவிட வேண்டும். கண்ணாடிகளைத் துணியால் மூட வேண்டும். உயிர் வெளியேற ஜன்னலைத் திறந்து, இரண்டு மணி நேரம் கழித்து மூட வேண்டும். இரவு கண் விழிக்க வந்தவர்களுக்கு மது கொடுக்க வேண்டும்.

நான் எத்தனை கத்தோலிக்கர்களைப் பெட்டியில் வைத்திருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. ஒரு வீட்டில்கூடக் கடிகாரம் நின்று பார்த்ததில்லை. கடைசியாகச் சொன்னது மட்டும் எங்கள் தெருவில் சில வீடுகளில் உண்டு. ஆனால் அதைக் கட்டளை என்று எந்தப் பாதிரியாரும் பிரசங்கம் வைத்ததில்லை. ஏதோ ஒரு நாட்டில், ஏதோ ஒரு ஊரில், யாரோ சிலர் செய்திருக்கிறார்கள். அதை எடுத்து உலகத்துக் கத்தோலிக்கர் எல்லோர் தலையிலும் கட்டியிருக்கிறான்.

அப்படியென்றால் அந்த எட்டு மணி நேரம் யார் வீட்டுடையது?

பக்கத்தின் அடிவரைக்கும் இறங்கிப் பார்த்தேன். எழுதியவர் பெயர் இல்லை. எந்த நாட்டுப் பௌத்தர்கள், எந்தப் பிரிவு என்று ஒரு வார்த்தை இல்லை. கடைசியில் மந்திரம் அச்சடித்த போர்வை விற்பனைக்கு இருந்தது. தெரியாமல் தொட்டுவிட்டால் அதைப் போர்த்தினால் தோஷம் நீங்குமாம். டெலிவரிக்கு ஒரு வாரம் ஆகும்.

4. கேட்டது

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். காவேரியம்மா அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். வெந்நீர் ஆறிப்போய்விட்டது. நான் அவருக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தேன். துக்க வீட்டில் வேலை நடுவே நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

“அம்மா, உங்க குடும்பத்துல இத எப்படிச் செய்வீங்க?”

மாலதிதான் பதில் சொன்னார். “நீங்க நிறைய செஞ்சிருக்கோம்னீங்களே சார்.”

“செய்யலம்மா. இதான் முதல். அது நான் சும்மா சொன்னது.”

“அப்போ தொடக்கூடாதுன்னது?”

“போன்ல பார்த்தேன்மா.”

மாலதி ஆறின வெந்நீர்ப் பாத்திரத்தைக் கையில் எடுத்தார். பிறகு, “ஃபேக்டரியில ஒவ்வொரு சட்டையையும் உள்பக்கம் திருப்பிப் பார்த்துத்தான் நான் பாஸ் பண்ணுவேன். உங்க வெப்சைட்ட மட்டும் திருப்பிப் பார்க்காம விட்டுட்டேன்” என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தாமரைப் பூ வெப்சைட்காரனை மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்த எனக்கு, கறுப்புக் குடைப் படம் கண் முன்னால் வந்தது. அவர் என் பக்கத்தை நம்பினார், நான் அவன் பக்கத்தை நம்பினேன். இரண்டு பக்கமும் பார்க்க அழகாகத்தான் இருந்தன.

காவேரியம்மா கோபப்படவில்லை. அவர் கேட்டது வேறு. “அப்போ தொட்டா அவருக்கு ஒண்ணும் ஆவாதா?”

“உங்க வீட்டு வழக்கம் என்னம்மா?”

“எங்க மாமனாருக்கு நான்தான் முகம் தொடச்சேன். மாமியார நானும் நாத்தனாரும் குளிப்பாட்டி வெள்ளச் சீல கட்டினோம். அப்புறம் பெரியவங்க வந்து பஞ்சசீலம் சொல்லுவாங்க, எல்லாரும் கூட சொல்லுவோம், எடுத்துடுவோம். எப்பவும் அப்படித்தான்.” சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நீங்க வலிக்கும்னதும், அவங்க ரெண்டு பேரையும் நான் அப்படி வதைச்சுட்டனோன்னு இவ்ளோ நேரம் யோசிச்சிட்டு உக்காந்திருந்தேன் சார். படிச்சவங்க சொல்றாங்களே, நமக்குத்தான் தெரியலியோன்னு.”

நாய்ப் பிறவிக்கு நான் பட்ட பயமெல்லாம் வேடிக்கை. அந்தப் பயத்தைத் தூக்கிக்கொண்டு போய் நான் யார் மடியில் இறக்கி வைத்தேன் என்பது வேடிக்கை இல்லை. தன் கணவரை இழந்த காலையில் ஒரு மனைவி, என்றைக்கோ செத்துப்போன மாமனார் மாமியாரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். அவரை அப்படி உட்கார வைத்தது நான்.

“இல்லம்மா” என்றேன். “நீங்க செஞ்சது சரி. எனக்குத்தான் தெரியல.”

பிறகு விசாரித்ததில், அந்த எட்டு மணி நேரம் சுத்தப் பொய் இல்லை என்று தெரிந்துகொண்டேன். வேறு சில நாடுகளில் சில பௌத்தர்கள் அதை உண்மையாகவே நம்பி, பக்தியோடு கடைப்பிடிக்கிறார்கள். அவர்கள் வீட்டில் நான் வேலை செய்யப் போனால் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்பேன். தங்க வயலிலிருந்து வந்த இந்தக் குடும்பத்தின் வழக்கம் அது இல்லை. அவ்வளவுதான் விஷயம். அந்தப் பக்கத்தை எழுதியவன் அந்த ஒரு வரியை எழுதவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். நெட்டில் தேடாதே என்று சொல்லமாட்டேன். நானே இன்னும் தேடுகிறேன். ஒரு மதத்தைப் பற்றி ஒரு பக்கம் உனக்குச் சொல்லிக்கொடுக்க வந்தால், முதலில் உன் மதத்தைப் பற்றி அது என்ன சொல்கிறது என்று பார். அங்கே கடிகாரத்தை நிறுத்தச் சொன்னால் ஜாக்கிரதை. எந்த ஊர்க்காரர், எந்தப் பிரிவுக்காரர் என்று சொல்லாமல் ‘எல்லோரும்’ என்று எழுதினாலும் ஜாக்கிரதை. நானும் ‘அனைத்து’ என்று எழுதினவன்தான், எழுதுவது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் உன்னைப் பயமுறுத்தினால் யாரிடமும் எதுவும் சொல்வதற்கு முன் ஒரு டம்ளர் தண்ணீர் குடி. கடைசியில் வீட்டுக்காரர்களைக் கேள். ஃபிரான்சிஸ் சாரிடம் இதைச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் தாடையைத் தடவிவிட்டு, “ஒரு கேள்வி மட்டும் கேக்கலாம்” என்று சட்டத்தைத் திருத்தினார். உங்கள் வீட்டில் எப்படிச் செய்வீர்கள் என்கிற அந்த ஒரு கேள்விதான் இப்போது எங்கள் கடையில் எல்லோரும் போனவுடன் கேட்பது. இதுவரை யாரும் அதற்காக எங்களை வேலை தெரியாதவர்கள் என்று நினைக்கவில்லை. பெரும்பாலும் அழுகையை நிறுத்திவிட்டுப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள்.

அன்றைக்கு மாலதி தண்ணீரை மறுபடி சுட வைத்தார். நான் தாடைக் கட்டை அவிழ்த்தேன். அதற்குள் உடல் இறுகிவிட்டிருந்தது. கழுத்து திரும்பவில்லை. காவேரியம்மா பயந்துபோய்க் கையை எடுத்துக்கொண்டார். இறுகின கழுத்தை இளக்குவது எனக்குத் தெரிந்த வேலை. அதற்கு எந்தப் பக்கத்தையும் திறக்க வேண்டியதில்லை. இரண்டு உள்ளங்கையையும் கழுத்துக்கு அடியில் கொடுத்து, மெதுவாக அமுக்கி அமுக்கி விட்டேன். கொஞ்ச நேரத்தில் இளகியது.

அவர் துண்டை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து நெற்றியிலிருந்து துடைக்க ஆரம்பித்தார். கன்னத்தில் சோப்பு நுரை போட்டார். ஒரு பக்கம் முடித்துவிட்டு, தினமும் சொல்கிற மாதிரி கணவரிடம், “கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க” என்றார். நான் தலையைத் திருப்பிக் கொடுத்தேன். மறுபக்கத்தையும் ஷேவ் செய்து, பவுடர் போட்டார். வெள்ளைச் சட்டை மாற்றினோம். பக்கத்து வீட்டுக்காரர்களும் கூட நின்று பஞ்சசீலம் சொன்னார்கள். மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் வேன் கிளம்பியது. தங்க வயலில் அவருடைய அப்பாவுக்குப் பக்கத்தில், வெளிச்சம் இருக்கும்போதே அடக்கம் செய்தோம்.